இடக் கை வளையல்கள்

புற்றுநோய்க்கு மருந்து கொடுப்பது மருத்துவரின் வேலை. அந்த மருந்து கொடுக்கிற நோய்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. எண்பதுகளில், சமூகப் பணியில் ஒரு முதுகலைப் பட்டத்தையும் அதைவிடப் பெரிய தன்னம்பிக்கையையும் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் வந்து இறங்கினேன். மார்பில் வந்த புற்றுநோய்க்குப் புதுவை ஆஸ்பத்திரியொன்றில் அறுவை முடித்து, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் எங்கள் பொறுப்பு. ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் அவர்களைத் தாங்கிப் பிடிப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனம் என்னை நியமித்திருந்தது. செவ்வாய்க்கிழமை விழுப்புரம், வெள்ளிக்கிழமை திண்டிவனம். விழுப்புரத்தில் ரயில் சந்திப்புக்குப் பின்புறம் எங்களுக்கு ஓர் அறை, ஒரு மேசை, லூர்து என்கிற ஒரு நர்ஸ். செவ்வாயன்று அங்கே வந்து ரத்தம் பார்த்து, என் கையெழுத்திட்ட சீட்டை வாங்கிக்கொண்டு போனால்தான் அந்த வாரம் புதுவையில் ஊசி போடுவார்கள். சீட்டு இல்லையென்றால் ஊசி இல்லை.

வீட்டில் யாருக்காவது வாந்திச் சட்டி ஏந்திப் பிடித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்குகிற பொறுமை எனக்கு அப்போதும் இருந்ததில்லை.

சிவப்பு மருந்து

பச்சையம்மா கண்டமங்கலத்துக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துக்காரி. நாற்பதை எட்டாத வயது, கழனி வேலை. அவள் கணவர் ஏழுமலை, சைக்கிளைக் கண்டமங்கலத்தில் போட்டுவிட்டுப் பேருந்தேறிப் புதுவை மில்லுக்குப் போய் வருபவர். முதல் ஊசி போட்ட அன்று மாலை பச்சையம்மாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. மருந்தின் நிறமே சிவப்பு, ஓரிரு நாள் அது அப்படித்தான் வெளியேறும், பயப்பட ஒன்றுமில்லை என்று அவளிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ரத்தம் என்று அவளே முடிவு கட்டினாள். விதை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எந்தப் பானையில் இருக்கிறது, ஆட்டுக்குட்டியை யார் வீட்டில் விட வேண்டும் என்பதையெல்லாம் கணவரிடம் ஒப்பித்துவிட்டுப் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். சாவு வரவில்லை. அடுத்த செவ்வாய் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தபோது, செய்த ஏற்பாடெல்லாம் வீணாகிப்போன எரிச்சல்தான் அவள் முகத்தில் தெரிந்தது.

வாந்திக்கு என் பாடத்தைத் தொடங்கினேன். சூடான சோறு வேண்டாம்; ஆறிய கஞ்சியைச் சிறுகச் சிறுகக் குடியுங்கள்; பொரியை வாயில் போட்டு மென்றுகொண்டிருங்கள்; அடுப்பு எரிகிற நேரத்தில் வெளியே போய்க் காற்றாட உட்காருங்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, தனக்கு எதிர்ப்பட்ட உண்மையான சிக்கலை அவள் என் முன் வைத்தாள்: "எதிர் வூட்டுல கருவாட்டுக் கொழம்பு வெக்கிறா, டாக்டரம்மா. மோந்தாலே வாந்தி வருது. வாந்தி எடுத்துக்கினே, ஒரு வாய் குடுக்க மாட்டாளான்னும் இருக்குது. மாத்திரை இந்த ரெண்டுல எதுக்குக் குடுப்பீங்க?"

நான் டாக்டர் இல்லை என்பதை அன்றைக்கும் சொன்னேன். அந்தக் கேள்விக்கு டாக்டர்களிடமும் பதில் இருந்திருக்காது.

மயிலத்தில் இரண்டு மொட்டை

மூன்று வாரத்துக்குள் முடி கொட்டிவிடும் என்பதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மார்பை எடுத்தபோது அழாத பச்சையம்மா இதற்கு அழுதாள். மார்பை ரவிக்கை மறைத்துவிடும், தலையை எது மறைக்கும் என்பது அவள் கணக்கு. அப்போது லூர்து, கழுத்தில் கிடந்த ஜெபமாலையைத் தள்ளிவிட்டுக்கொண்டு, வழி சொன்னாள்: கொட்டுவதற்கு முன்னால் மயிலத்துக்குப் போய் முருகனுக்கு மொட்டை போட்டுவிடு, வேண்டுதல் என்றால் ஊர் ஒரு கேள்வியும் கேட்காது. மருத்துவ உண்மையைச் சாமிக்குப் பின்னால் ஒளித்துவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்த யோசனை ஒன்றும் என்னிடம் இல்லாததால் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் ஊசிக்கு வந்தபோது பச்சையம்மாவின் தலையில் சந்தனம். பக்கத்தில் ஏழுமலையின் தலையிலும் சந்தனம். "ஒண்ணா வேண்டிக்கினோம்னு சொன்னா நம்புவாங்க இல்ல" என்றார். நம்பினார்கள். ஆனால் மூன்றாம் ஊசி வருவதற்குள் அவருக்கு முடி கருகருவென்று முளைத்துவிட்டது. அவளுக்கு ஒரு மயிர்கூட இல்லை. வித்தியாசம் தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அவர் மறுபடியும் மழித்துக்கொண்டார். அதற்கப்புறமும் மழித்துக்கொண்டேயிருந்தார். தடவிப் பார்த்துக்கொண்டே ஒருநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "அவளுக்கு வளரல, அது ஒரு கஷ்டம். எனக்கு வளருது பாருங்க டாக்டரம்மா, அதுதான் பெரிய கஷ்டம்."

கேப்பைப் பை

திண்டிவனத்தில் ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் தையல் டீச்சர், என் நோயாளிகளிலேயே என்னை அதட்டத் துணிந்தவர். ரவிக்கையின் வெற்றுப் பக்கத்தில் பஞ்சு வைத்தால், அதற்குக் கனமில்லாததால், பாடம் நடத்தி முடிப்பதற்குள் அது கழுத்தெலும்புவரை ஏறிவிடுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அவரே மெல்லிய துணியில் ஒரு பை தைத்து, அதில் கேப்பையை நிரப்பினார். கேப்பைக்குக் கனம் உண்டு. உடம்பு அசைந்தால் தானும் அசையும். குனிந்தால் தானும் சரியும். என் மேசைக்கு வந்த அத்தனை பெண்களுக்கும் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். பச்சையம்மாவுக்கும் ஒன்று போயிற்று.

அந்த வருஷ ஐப்பசி மழையில் டீச்சர் நனைந்து பள்ளிக்குப் போனார். ரவிக்கையை மாற்றினார், பை ஈரமாக இருந்ததைக் கவனிக்காமல் இரண்டு நாள் அதையே வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். தையல் இடுக்குகளின் வழியாக வெள்ளை வெள்ளையாக முளைகள் எட்டிப் பார்த்தன. நான் சிரித்துவிட்டேன், இனிமேல் கேப்பையை வறுத்துப் போடுங்கள் என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு விரலால் அந்த முளைகளைத் தடவிக்கொண்டே இருந்தவர், வெகு மெதுவாகச் சொன்னார்: "என் உடம்புச் சூட்டுல மொளச்சிருக்குது, மிஸ். அந்த எடத்துல இன்னும் அவ்ளோ சூடு இருக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

டீ குடித்து முடிப்பதற்குள்

நான்காம் ஊசிக்குச் சீட்டு வாங்க வந்தபோது பச்சையம்மாவின் இடக் கை வீங்கியிருந்தது. இடப்பக்க மார்போடு அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். அந்தக் கையில் நீர் தேங்கினால் வடிய வழி இல்லை. பாரம் தூக்காதீர்கள், அந்தக் கையில் கீறலே படக் கூடாது, வளையலைக் கழற்றிவிடுங்கள் என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். மூன்று தடவையும் "சரிம்மா" என்றவள், முந்தின வாரம் முழுக்க மல்லாட்டை பிடுங்கியிருந்தாள். ஒன்பது பச்சைக் கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்து, தோல் அவற்றின் இருபுறமும் பிதுங்கி நின்றது.

லூர்து தாழ்ந்த குரலில், "மேடம், சோப்பு போட்டு ஒண்ணொண்ணா உருவிடலாம். நேரமாவும், ஆனா வந்துடும்" என்றாள். வெளியே பெண்கள் காத்திருந்தார்கள். நேரமில்லை, உடைத்துவிடலாம் என்றேன். என் கையில் அன்றும் ஒரு கைக்கடிகாரம் மட்டுமே இருந்தது. வளையல் ஓர் அடிமைச் சின்னம் என்று கல்லூரி மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவள் நான். லூர்து பின்வாங்கியதால், தோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே துணியைச் செருகி, கத்தரியின் பிடியால் நானே தட்டினேன். ஒன்பது தட்டு. ஒரு கீறல்கூட விழவில்லை என்று பெருமையோடு நிமிர்ந்தேன்.

நிமிர்ந்தபோதுதான் கண்டேன். மழித்த தலை. வெறும் கை. தரையில் பச்சைச் சில்லுகள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் வளையலை இன்னொரு பெண் எப்போது உடைப்பாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. கணவன் செத்தபின் செய்யும் அந்தச் சடங்கைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பச்சையம்மா அழவில்லை. குந்தியமர்ந்து, சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மேசைமேல் நான் எழுதிவைத்திருந்த சீட்டைத் தொடவில்லை. வாசலைத் தாண்டும்முன் திரும்பிச் சொன்னாள்: "அவரு வெளிய டீ குடிச்சிக்கினு இருக்கிறாரு. அவரு டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள என்னை முண்டச்சி ஆக்கிட்டீங்களேம்மா."

புதுவைச் சாலைப் பேருந்துகள்

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. ஒரு வாரம் தாமதம் பரவாயில்லை என்றார் புதுவை டாக்டர். அதற்கு மேல் தள்ளிப்போனால் நோய்க்கு இடம் கொடுத்தது போலாகும் என்றும் சொன்னார். இரண்டாம் செவ்வாயும் வரவில்லை. எங்கள் அறைச் சன்னலிலிருந்து, புதுவைச் சாலையில் வரும் பேருந்துகள் திரும்பி நிற்கிற முனை தெரியும். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு முனை திரும்பும், எது எப்போதும் பிந்தி வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாயிற்று. ஒவ்வொன்றாக இறங்குகிற முக்காடிட்ட தலைகளில் அவளைத் தேடினேன். எதிரே அமர்ந்து வாய்ப்புண்ணைக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், ஆப்ப சோடா கலந்த நீரில் கொப்பளிக்கச் சொல்லிக்கொண்டே, அவள் தோளுக்கு மேலாகச் சன்னலைப் பார்த்தேன். நீங்களும் யாருக்காவது அப்படிக் காத்திருந்திருப்பீர்கள். பேருந்து காலியாகி நிற்பதைப் போலக் கொடுமையான காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

மூன்றாம் செவ்வாய் மதியம் நானே கண்டமங்கலத்துக்குப் பேருந்தேறினேன். ஏழுமலைக்கு அன்று வேலை இல்லை. வீட்டு வாசலில் கூடைக்கு நார் கட்டிக்கொண்டிருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவள் இருப்பது தெரிந்தது, வெளியே வரவில்லை. ஒருக்களித்த கதவைப் பார்த்து, "தப்பு என்னுது. லூர்து சோப்பு போடலாம்னு சொன்னா, நான்தான் கேக்கல. கோவம் என்மேல இருக்கட்டும், ஊசிமேல வேணாம்" என்றேன். கதவு அசையவில்லை. ஏழுமலை என்னைப் பேருந்துவரை கொண்டுவந்து விட்டார். மழித்த தலையில் அன்று முடி அரும்பியிருந்தது. பேருந்து தெரிகிற தூரத்தில் வாய் திறந்தார்: "ரெண்டு கையிலயும் வளையல் போட்டாத்தான் படி எறங்குவேன்றா. போட்டா கை வீங்கும்ன்றீங்க. நடுவுல நான் உசுரோட இருக்கறதுதாம்மா எல்லாருக்கும் பேஜாரா இருக்குது."

தையல் டீச்சர் தைத்தது

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் என்னைத் திட்டினார். திட்டின் முழு வடிவத்தை இங்கே தர மாட்டேன். பிறகு பச்சையம்மாவின் கை அளவைக் கேட்டார். முரட்டுக் காடாத் துணியில், மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கிப் பிடித்து வீக்கத்தை அமுக்குகிற மாதிரி, பக்கவாட்டில் நாடா வைத்துக் கைக்கு ஓர் உறை தைத்தார். மணிக்கட்டைச் சுற்றிப் பச்சை நூலில் ஒன்பது வரிசை சங்கிலித் தையல். அதைப் பார்த்ததும் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. யாரை ஏமாற்ற இந்த நூல் வளையல் என்று கேட்டேன். டீச்சர் பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். "நீங்க கேப்பையப் பாத்து சிரிச்சீங்க. நான் அத வெச்சிக்கினு யாரையும் ஏமாத்தல, மிஸ். எனக்கு அது வேண்டியிருக்குது, அவ்ளோதான்" என்றார்.

அந்த உறையை ஏழுமலையிடம் கொடுத்தனுப்பினேன். அதற்கடுத்த செவ்வாயும் அவள் வரவில்லை. அதற்கும் அடுத்த செவ்வாய் நான் சன்னலைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது தாழ்வாரத்தில் கண்ணாடிச் சத்தம் கேட்டது. பச்சையம்மாவின் வலக் கையில், இரண்டு கைக்கும் சேர்த்துப் பதினெட்டு வளையல்கள், முழங்கையை நோக்கி ஏறியிருந்தன. இடக் கையில் டீச்சரின் உறை; அதன்மேல், தளர்வாக, ஏழுமலை கட்டிவிட்ட மஞ்சள் கயிறு. பதினெட்டையும் மேலே ஒதுக்கிவிட்டு லூர்து அந்த வலக் கையில்தான் ரத்தம் எடுத்தாள். நான் சீட்டு எழுதினேன். கையெழுத்திட்டு அவள் பக்கம் நகர்த்தினேன். பச்சையம்மா பச்சை நூலைத் தடவியபடி இருந்தாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்னது வேறு: "டீச்சரு நல்லாத்தான் தெச்சிருக்காங்க. கழனியில நான் எங்க நிக்கிறேன்னு இந்தக் கை சத்தத்த வெச்சித்தான் அவரு கண்டுபுடிப்பாரு. இது ஊமையா கெடக்குதே, டாக்டரம்மா."

கூட்டேரிப்பட்டில் ஒரு நிமிடம்

நான்காம், ஐந்தாம், ஆறாம் ஊசிகள் முடிந்தன. கடைசிச் சீட்டைக் கொடுத்தபோது, ஏதாவது தொந்தரவு இருந்தால் மட்டும் வாருங்கள் என்றேன். புதுவைப் பரிசோதனைக்குச் சீட்டு தேவையில்லை. அவள் சரியென்று போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அது விளங்கியது. எங்கள் மேசைக்கு வராதவர்கள் இரண்டு வகை: வரத் தேவையில்லாதவர்கள், வர முடியாதவர்கள். சன்னலிலிருந்து பார்த்தால் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. தாழ்வாரத்தில் எந்தப் பெண்ணின் வளையல் குலுங்கினாலும் பேனா தானாக நின்றது. ஏழுமலையாவது ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்கக் கூடாதா என்று அவர்மேல் கோபம் வந்தது. எதற்கு எட்டிப் பார்க்க வேண்டும், நல்லபடியாக இருக்கிறார்களென்றால் இந்த அறையை மறந்துவிடுவதுதானே முறை என்று எனக்கு நானே புத்தியும் சொல்லிக்கொண்டேன். புத்தி வேலை செய்யவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. திண்டிவனம் போகிற என் பேருந்து, மயிலத்துக்குப் பிரிகிற கூட்டேரிப்பட்டில் நின்றது. சாலையின் மறுபுறம், வெள்ளரிப் பிஞ்சு விற்கிற கடைக்கு அருகில், புதிதாக மழித்த ஒரு தலை, வெயிலில் காய்ந்த சந்தனத்தோடு. பக்கத்தில் முக்காடில்லாத ஒரு பெண். அவள் தலையில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு முடி, சீப்புக்கு அடங்காமல் நின்றது. பூ நிற்க இடமில்லாத அந்தக் குட்டை முடியில், ஊக்கால் குத்தி ஒரு கண்ணி கனகாம்பரம். இம்முறை முருகனுக்கு அவர் முடி மட்டும்தான் போலும். "பச்சையம்மா!" என்று, பேருந்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, கத்தினேன். அவளும் பார்த்துவிட்டாள். இடக் கையில் உறை இருந்தது. வலக் கையைத் தூக்கி வீசினாள். பதினெட்டு வளையலும் ஒன்றாகச் சரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்ட இரைச்சலில் அந்தச் சத்தம் மட்டும் என்னை வந்து சேரவில்லை. அவள் குரல் சேர்ந்தது: "டாக்டரம்மா! கருவாடு தின்னுட்டேன்! மூணு வாட்டி தின்னுட்டேன்!"

மருந்தின் பின்விளைவுகள் அனைத்துக்கும் வழி சொல்லிச் சம்பளம் வாங்கிய எனக்கு, நோயாளி நலமாகி வராமல் போவதால் மிஞ்சுகிற பின்விளைவுக்கு மட்டும் இன்றுவரை ஒரு மாத்திரை அகப்படவில்லை.